ஆயுத பூஜைக்கு முன் கிரைண்டரின் கியர் ஹெட்டைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜைக்குப் பட்டறைகளில் எல்லாக் கருவிகளையும் துடைத்துப் பொட்டு வைத்து ஒரு நாள் ஓய்வு கொடுக்கிறோம். கிரில் கேட் பட்டறையோ, தச்சுப் பட்டறையோ, டைல்ஸ் வேலை செய்பவரோ, யாராக இருந்தாலும் அந்த வரிசையில் ஒரு டிரில்லும் ஒரு நாலு இஞ்ச் கிரைண்டரும் கட்டாயம் இருக்கும். வெளியே பளிச்சென்று துடைத்த அதே கருவியின் கியர் ஹெட்டுக்குள், அதாவது பற்சக்கரங்கள் இருக்கும் முன்தலைக்குள், வாங்கிய நாளில் போட்ட கிரீஸ் காய்ந்து கிடக்கும். கருவி சும்மா இருக்கும் அந்த நாளுக்கு முந்தைய மாலையே அதைக் கழுவிப் புதுக் கிரீஸ் போடப் போதும். செய்யும் முறையை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவும், கருவி தயாரிப்பவர்களிடம் ஒன்று கேட்கவும் இக்கடிதம்.

கிரீஸ் என்பது பெரும்பாலும் சோப்பு பிடித்து வைத்திருக்கும் ஆயில். பஞ்சு தண்ணீரைப் பிடித்திருப்பதுபோல் லித்தியம் அல்லது கால்சியம் சோப்பின் இழைகள் ஆயிலைப் பிடித்திருக்கும். கியர்ப் பல் உரசும் இடத்தில் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வேலை செய்யும். வருடக்கணக்கில் சூடேறி ஆறினால் ஆயில் போய்விடும்; சோப்பு மட்டும் மெழுகாக இறுகிச் சுவரில் ஒட்டியிருக்கும். திறந்து பார்ப்பவர் ‘கிரீஸ்தான் நிறைய இருக்கிறதே’ என்று மூடிவிடுவார். விரலில் எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். தாளில் எண்ணெய்க் கறை பரவாவிட்டால் அதில் ஆயில் இல்லை என்று பொருள்.

நாலு இஞ்ச் கிரைண்டரில் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிறது. மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் நுனியில் இருக்கும் சின்னப் பற்சக்கரமான பினியன் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில், 30,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் பல்லுக்கு நடுவே ஆயில் படலம் இல்லாவிட்டால் முதலில் சத்தம் மாறும், பிறகு கியர் ஹெட்டைக் கையால் பிடிக்க முடியாத சூடு வரும், கடைசியில் பல் உதிரும். சத்தம் மாறும்போதே திறந்தவருக்குச் செலவு கிரீஸ் மட்டும்தான். பல் உதிர்ந்த பிறகு வருபவர் பினியன், அது சுற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் இரண்டையும் வாங்க வேண்டும். உதிர்ந்த துண்டு பேரிங்கில் புகுந்திருந்தால் அதையும் சேர்த்து.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். டிஸ்க், அதை மறைக்கும் கார்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் பிளேஞ்ச் எல்லாம் கழற்றியாக வேண்டும். அடுத்ததாக, ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகளான இரண்டு கார்பன் பிரஷ்களையும் வெளியே எடுங்கள். இதை மறந்து ஆர்மேச்சரை உருவினால் திரும்பப் போடும்போது ஸ்பிரிங் தள்ளி நிற்கும் கார்பன், ஆர்மேச்சரின் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் இடித்து உடையும். எந்தக் கார்பன் எந்தப் பக்கம் என்று குறித்து வைத்தால், தேய்ந்து பொருந்திய வளைவு மாறாமல் பழைய இடத்திலேயே உட்காரும். முன்பக்கம் நாலு ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றியதும் கியர் ஹெட்டை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டினால் ஆர்மேச்சரோடு சேர்ந்து வெளியே வரும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் கொடுத்து நெம்பாதீர்கள். அலுமினிய முகத்தில் விழும் சிறு வடு வழியாகவே பிறகு கிரீஸ் கசியும். ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. முக்கியமாக, மெல்லிய ஷிம் வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்பதை. கிரவுன் வீலும் பினியனும் எவ்வளவு ஆழத்தில் பொருந்த வேண்டும் என்பதை அந்தக் கால் மில்லிமீட்டர் தகடுகள்தான் முடிவு செய்கின்றன. ஒன்று தொலைந்தாலும் பல் தவறான இடத்தில் உரசும்.

பினியனை ஆர்மேச்சரிலிருந்து கழற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அங்கேயே துடைக்கலாம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் நட் எந்தப் பக்கப் புரி என்று பார்த்துவிட்டுப் பலம் கொடுங்கள். சில மாடல்களில் இடப்புரி.

பழைய கிரீஸைத் துடைத்து எறிவதற்கு முன் அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெள்ளிப் பொடி கலந்ததுபோல் மினுமினுத்தால் பல் தேய்கிறது. ஒரு காந்தத்தைத் தாளுக்கு அடியில் வைத்து நகர்த்தினால் இரும்புத் துகள் கூடவே நகரும். பொன்னிறமாக மினுங்கி, காந்தத்துக்கு நகராவிட்டால் பித்தளை. பேரிங் கூடோ, பேரிங்குக்குப் பதில் தண்டைத் தாங்கும் உலோகக் குழலான புஷ்ஷோ தேய்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் விட்டு அறுக்கும் மார்பிள் கட்டரில் இது சகஜம். அப்படியானால் டிஸ்க் மாட்டும் தண்டான ஸ்பிண்டிலின் சீலை, அதாவது கசிவைத் தடுக்கும் வளையத்தை, மாற்றாமல் புதுக் கிரீஸ் போட்டுப் பயனில்லை. கறுப்பை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸ் புதிதாகவே கறுப்புதான்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் போதும், டீசலும் ஆகும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி நம் ஊர் வெயிலில் எந்நேரமும் தீப்பிடிக்கும் நிலையில் இருக்கும், பக்கத்தில் வெல்டிங் நடக்கும் பட்டறையில் கேட்கவே வேண்டாம். தின்னர் இன்னொரு வகையில் ஆபத்து. ஆர்மேச்சரில் சுற்றிய செம்புக் கம்பியின், அதாவது வைண்டிங்கின், வார்னிஷைக் கரைத்துவிடும், பிளாஸ்டிக் உடலில் வெடிப்பு விழச் செய்யும். எந்த திரவமாக இருந்தாலும் கிண்ணத்தில் முக்க வேண்டியவை கியர், ஸ்பிண்டில், காலியான அலுமினிய ஹெட் இவை மட்டும்தான். ஆர்மேச்சர் பக்கம் மண்ணெண்ணெய் நனைத்துப் பிழிந்த துணி மட்டுமே போக வேண்டும், அதுவும் பினியனைத் தாண்டக் கூடாது. பனியன் வேஸ்டால் துடைத்தால் கடைசியில் நூல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நூல் பேரிங்கில் சுற்றினால் சீலைக் கிழித்துவிடும். மூலைகளுக்குப் பழைய டூத் பிரஷ் நல்லது. இன்னொன்று, கிரைண்டிங் நடக்கும் மேஜையிலேயே வைத்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. அங்கே பறக்கும் இரும்புப் பொடியும் டிஸ்க் பொடியும் புதுக் கிரீஸில் விழுந்தால், உப்புத்தாளை உள்ளே வைத்து மூடியதற்குச் சமம்.

இரண்டு பக்கமும் மூடிய பேரிங்கை மண்ணெண்ணெயில் போடாதீர்கள். மண்ணெண்ணெய் உள்ளே போய்க் கிரீஸைக் கரைக்கும், புதுக் கிரீஸ் உள்ளே போக வழியில்லை. கையில் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள்; மணல் அரைப்பதுபோல் நெருடினாலோ, தடையே இல்லாமல் காற்றாடிபோல் சுற்றினாலோ மாற்ற வேண்டியதுதான். இரண்டாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நல்ல மூடிய பேரிங்கில் கிரீஸின் மென்மையான பிடிப்பு இருக்கும். கடையில் எண்ணைச் சொன்னால் கிடைக்கும்: 607 என்றால் 7 மில்லிமீட்டர் துளை, 19 வெளிவிட்டம், 6 கனம், 608 என்றால் 8, 22, 7, 6201 என்றால் 12, 32, 10. எண் அழிந்திருந்தால் வெர்னியரில் இந்த மூன்றையும் அளந்து கொண்டு போங்கள். ஏர் கன்னால் பேரிங்கைச் சுழற்றி உலர்த்தும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றிய பேரிங் அப்போதே கெட்டுவிடும்; உடைந்து தெறித்தால் கண்ணைப் பறிக்கும்.

கழுவி உலர்ந்த பல்லை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஒரே சீரான மினுமினுப்பு சரி. அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருந்தாலோ, விளிம்பு கத்திபோல் கூர்ந்திருந்தாலோ மாற்றுங்கள், இரண்டையும் ஜோடியாக. தேய்ந்த கிரவுனோடு புதுப் பினியனைச் சேர்த்தால் புதியதும் பழையதன் வடிவத்துக்கே சீக்கிரம் தேயும். ஒரே ஒரு பல் மட்டும் முறிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் கிரீஸ் அல்ல, டிஸ்க் நிற்பதற்குள் ஸ்பிண்டில் லாக்கை அழுத்தும் பழக்கம். அதை நிறுத்தாவிட்டால் புதுக் கியரும் அதே இடத்தில் முறியும்.

இனி எந்தக் கிரீஸ் என்ற கேள்வி. பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. டப்பாவின் மேல் என்எல்ஜிஐ என்ற எண் இருக்கும். கிரீஸ் எவ்வளவு கெட்டி என்பதற்கான அளவு அது. 3 என்றால் டால்டா பதம், 2 வெண்ணெய்ப் பதம், 0 கெட்டியான இட்லி மாவுப் பதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஹார்டுவேர் கடையில் ‘கிரீஸ் கொடுங்க’ என்றால் பெரும்பாலும் கையில் வருவது வண்டிச் சக்கர பேரிங்குக்கான ஏபி3. அது 3ஆம் எண் லித்தியம் கிரீஸ், அதன் வேலைக்கு நல்ல கிரீஸ். கிரைண்டர் தலைக்குள் போட்டால் என்ன ஆகும்? பல் அதை முதல் சுற்றிலேயே சுவருக்கு வீசி எறியும். கெட்டியாக இருப்பதால் அது வழிந்து திரும்பி வராது. நடுவே கால்வாய் வெட்டியதுபோல் வழி விழுந்து, சுற்றிலும் கிரீஸ் இருக்கப் பல் வறட்சியாக ஓடும். சேசிஸ் கிரீஸ் எனப்படும் கால்சியம் கிரீஸோ 100 டிகிரியை நெருங்கும்போதே உருகிச் சோப்பும் ஆயிலும் பிரிந்துவிடும். கிராஃபைட் கிரீஸும் வேண்டாம். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், மோட்டார் பக்கம் கசிந்தால் வேறு தொல்லை.

வேண்டியது லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ் சோப்பில் செய்த, ஈபி என்று குறித்த கிரீஸ். அழுத்தம் தாங்கும் சேர்மானம் கலந்தது என்பதற்கான குறி அது. சீல்கள் நன்றாக இருந்தால் 0 அல்லது 1. சீல் தளர்ந்த பழைய கருவிக்கு 2. சாதாரண லித்தியம் கிரீஸ் 180 டிகிரிக்கு மேல்தான் உருகும், காம்ப்ளெக்ஸ் 250ஐத் தாண்டும். கிரைண்டருக்குக் காம்ப்ளெக்ஸ் வாங்கக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது தகும். டிரில்லுக்குச் சாதாரண லித்தியம் ஈபி 2 தாராளம்.

பழையதன் மேலேயே புதியதைப் போடுவதுதான் அடுத்த தவறு. உள்ளே இருப்பது சோப்புக்குப் பதில் பாலியூரியா என்ற வேதிப்பொருளோ களிமண்ணோ ஆயிலைப் பிடித்திருக்கும் வகையாக இருக்கலாம், நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பொருந்தாத இரண்டு சேர்ந்தால் ஆயிலைப் பிடித்திருக்கும் பிடிப்பு தளர்ந்து கலவை நீர்த்துப்போகும், சூட்டில் தண்ணீராக ஓடி சீல் வழியே வெளியேறும். ‘போன மாதம்தான் கிரீஸ் போட்டேன், எல்லாம் வழிகிறது’ என்று வரும் கருவிகளில் அடிக்கடி காண்பது இதுதான். ஆகவே முழுக்கக் கழுவி உலர்த்தியபின்தான் புதியது.

அளவு: நாலு இஞ்ச் கிரைண்டருக்கு 15 முதல் 20 கிராம். 13 மில்லிமீட்டர் டிரில்லுக்கும் ஏறத்தாழ அதே. சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து எடுங்கள். தராசு இல்லையென்றால், பற்களின் இடைவெளியை நிரப்பியபின் கியர் அறையின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, எப்படியும் பாதிக்கு மேல் வேண்டாம். கிரீஸ் அதிகமானால் நல்லதுதானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் அறை நிறைந்திருந்தால் பல் ஒவ்வொரு சுற்றிலும் மொத்தக் கிரீஸையும் கடைய வேண்டியிருக்கும். கடையக் கடையச் சூடு. சூட்டில் கிரீஸ் விரிந்து வழி தேடும். கிடைக்கும் வழி ஆர்மேச்சரின் முன் பேரிங். அதைத் தாண்டினால் விசிறி, அதற்குப் பின் வைண்டிங். எண்ணெய்ப் பிசுக்கில் இரும்புத் தூசி அப்பிக்கொண்டால் மோட்டாருக்குள் காற்று ஓட்டம் குறையும், வைண்டிங் கருகும். கியரைக் காப்பாற்றப் போய் மோட்டாரை இழப்பது இப்படித்தான்.

மூடும்போது பேப்பர் கேஸ்கட் கிழிந்திருந்தால் அதே கனத்தில் வெட்டிப் போடுங்கள். ஷிம்முக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்: கேஸ்கட் தடிமனானால் பல் விலகும், மெலிந்தால் இறுகும். கேஸ்கட்டுக்குப் பதில் சிலிகான் பேஸ்ட் பூசினால் பிதுங்கி உள்ளே தொங்கும் துணுக்கு உதிர்ந்து பல்லுக்கு நடுவே போகும். நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கத்துக்கு முன் ஸ்பிண்டிலைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். எந்த இடத்திலும் தட்டக் கூடாது. முன்னும் பின்னும் அசைத்தால் மெல்லிய ‘டிக்’ தெரிய வேண்டும். துளி ஆட்டமும் இல்லையென்றால் இறுக்கம் அதிகம், சூட்டில் கியர் விரிந்தால் சிக்கிக்கொள்ளும்.

கார்பனை மாட்டுங்கள். அதில் தேய்மானக் கோடு இருந்தால் தேய்மானம் அந்தக் கோட்டைத் தொடும் முன்பே, இல்லாவிட்டால் 5, 6 மில்லிமீட்டருக்குக் குறைந்ததும் இரண்டையும் மாற்ற வேண்டும். முதல் ஓட்டம் டிஸ்க் இல்லாமல், சீரிஸ் லாம்ப் வழியாக, அதாவது கருவிக்குப் போகும் மின்சாரம் ஒரு பல்பைக் கடந்து வரும்படி தொடராக இணைத்து. 200 வாட் குண்டு பல்புதான் இதற்கு, எல்இடி உதவாது. கருவி மெதுவாகச் சுற்றும். உள்ளே ஏதாவது சிக்கியிருந்தாலும் பல்பு விடும் மின்னோட்டத்துக்கு மேல் போகாது என்பதால் ஆர்மேச்சர் தப்பிக்கும். சரியாக இருந்தால் நேரடியாக மூன்று நான்கு நிமிடம் ஓட்டிவிட்டுத் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் கிரீஸ் அதிகம் அல்லது பல் இறுக்கம். திரும்பத் திறக்க வேண்டும். ஓட்டியபின் ஸ்க்ரூக்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கான்கிரீட் உடைக்கும், துளைக்கும் ஹேமர்களுக்கு மேலே சொன்ன கிரீஸ் ஆகாது. அங்கே பிஸ்டனுக்கும் அடிக்கும் தண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்றுதான் அடியைக் கடத்துகிறது. கிரீஸ் அதிகமாகிக் காற்றின் இடத்தைப் பிடித்தால் மோட்டார் ஓடும், அடி விழாது. ஹேமருக்கென்றே விற்கும் கிரீஸை, கையேட்டில் சொன்ன அளவில் மட்டும் போட வேண்டும். பல மாடல்களுக்கு அது 30 கிராம், கார்பன் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை. ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்களைத் துடைத்தால் போதும், பெட்ரோல் பட்டால் ஊதி வடிவம் கெடும். ஹேமரில் மாட்டும் எஸ்டிஎஸ் வகை பிட்டின் அடித்தண்டில் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஒரு பட்டாணி அளவு, அரை கிராம், கிரீஸ் தடவுவது தனி. பலர் மறப்பது இது. மறந்தால் பிட் பிடிக்கும் துளை அகன்றுவிடும்.

ராலிவுல்ஃப் என்ற பழைய டிரில் பிராண்டின் காலத்து இரும்பும் அலுமினியமுமான டிரில்கள் இன்னும் பல பட்டறைகளில் ஓடுகின்றன. அவ்வளவு பழைய கருவியில் பேரிங்குக்குப் பதில் வெண்கல புஷ் இருக்கலாம். அது கிரீஸ் கேட்காது, ஆயில் கேட்கும். நுண்துளைகளில் ஆயிலைத் தேக்கி வைத்திருக்கும் புஷ்ஷை மண்ணெண்ணெயில் போட்டால் அந்த ஆயில் போய்விடும். அப்படிப் போயிருந்தால் கழற்றி, கை பொறுக்காத சூட்டில் இருக்கும் எஸ்ஏஇ 30 ஆயிலில் அரை மணி நேரம் ஊறப்போட்டு அதிலேயே ஆறவிடுங்கள். உலோக உடல் என்பதால் எர்த் ஒயர் உயிர் காப்பது. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னுக்கும் டிரில் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். கியரைப் பார்க்கத் திறந்த கையோடு இதையும் பார்க்காமல் மூடாதீர்கள்.

பூஜையன்று சந்தனத்தையும் குங்குமத்தையும் காற்றுத் துளைகளைத் தவிர்த்து வையுங்கள். உள்ளே போகும் பொடி கம்யூட்டேட்டர் வரை போகும். கழுவிய மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாம். கசடை, பழைய என்ஜின் ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

தயாரிப்பாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் டிரில் போன்ற மின் கருவிகளும் அடங்குகின்றன. பழையதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு ஓர் இணையதளமும் தொடங்கியது. இவ்வளவு இருந்தும், கிரைண்டரோடு வரும் கையேட்டில் ‘அங்கீகரிக்கப்பட்ட மையத்தை அணுகவும்’ என்ற வரிதான் கிடைக்கிறது. எந்த வகைக் கிரீஸ், எத்தனை கிராம் என்ற இரண்டு விவரத்தைக் கியர் ஹெட்டின் உட்புறம் வார்ப்பிலேயே பொறிக்கலாம், கையேட்டில் தமிழில் அச்சிடலாம். கார்பன் பிரஷ் ஜோடியாக விற்கும் அதே அட்டையில் 20 கிராம் கிரீஸ் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து விற்கலாம். அரை கிலோ டப்பா வாங்க மனமில்லாமல் வண்டிக் கிரீஸைப் போடுபவர் அதன்பின் அப்படிச் செய்ய மாட்டார்.

இக்கடிதத்தை ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பாவது வெளியிட்டால், உதிரிபாகம் வாங்க வாசகர்களுக்கு நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
பவர் டூல் பழுதுபார்ப்போர் சிலர்,
கோயம்புத்தூர்